மிச்சக் குழிகள்

தட்டை இழுப்பறைக்குள் வைத்து, மேலே கறுப்புத் துணியைப் போர்த்தி மூடிவிட்டேன். முப்பது நிமிடம். மேசைமேல் இருக்கும் மணியை முறுக்கிவைத்ததும் அது தன் வேலையைத் தொடங்கிவிட்டது. இனி எனக்குத்தான் வேலை இல்லை. நிறம் இருட்டில் தானாக ஏறும். நோயாளிகளின் இரத்தத்திலிருந்து பிரித்த ஊநீரை நீர்க்கச் செய்து, தட்டின் சிறு குழிகளில் சொட்டுச் சொட்டாக இட்டு, கழுவி, மறுபடி இட்டு, மறுபடி கழுவி, கடைசியாக நிறமூட்டும் கரைசலையும் விட்டாகிவிட்டது. காசக் கிருமியை எதிர்த்து எந்த உடம்பு எவ்வளவு எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்கிறதோ, அந்த அளவுக்கு அந்தக் குழி நீலமாகும். பிறகு அமிலம் விட்டால் மஞ்சளாகி அப்படியே நிற்கும். கருவி அந்த மஞ்சளை எண்ணாக்கிச் சொல்லும். சிகிச்சைக்கு முன் எவ்வளவு, இரண்டாம் மாதத்தில் எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்று அளந்து எழுதுவதுதான் இந்த ஆய்வு. தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். நாற்பத்திரண்டு நோயாளிகள், ஆளுக்கு இரண்டு குழி, சரிபார்ப்புக்கென்று பத்து. இரண்டு மிச்சம். எந்தத் தட்டிலும் இரண்டோ மூன்றோ மிஞ்சத்தான் செய்யும். மிஞ்சியதை வீணாக்காமல், எங்களுக்கு வேண்டியவர் யாருடைய ஊநீரையாவது அதில் இட்டுப் பார்ப்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத வழக்கம். காவலாளியின் மைத்துனன், கணக்குப் பிரிவு அம்மாளின் மகன், எதிர்க்கடைக்காரரின் மனைவி. மருத்துவர் சீட்டு இல்லை, கையெழுத்து இல்லை, கேள்வி இல்லை. மிச்சக் குழி என்று அதற்குப் பெயர். அன்பின் குழி என்றுகூட நான் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். இன்று அந்த இரண்டு குழிகளிலும் இருப்பது தவச்செல்வியின் ஊநீர்.

அவள் காலையில் வந்து இரத்தக் குழாயை என் கையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். வீடு வீடாகச் சென்று காச நோயாளிகளைக் கண்டுபிடித்து, மாத்திரை விழுங்க வைத்து, பதிவேட்டில் பெயர் எழுதும் சுகாதாரப் பணியாளர் அவள். ஆய்வுக்கான இரத்தக் குழாய்களைப் பனிப்பெட்டியில் அடுக்கி எடுத்து வருபவளும் அவள்தான். அந்தப் பெட்டியிலிருந்து எண் ஒட்டாத ஒரு குழாய் தனியே வெளியே வந்தது. “இது யாருடையது?” என்றேன். “என்னோடது சார். மூணு வாரமா இருமல். சும்மா ஒரு பார்வை பாத்துருங்க.” அப்படியானால் சளியைக் கொடு என்று அந்த நொடியே நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? “சளி கொடுக்கலாமே” என்று முனகினேன். சொல்வது வேறு, முனகுவது வேறு. முனகுகிறவன் தான் சொல்லிவிட்டதாகப் பிற்பாடு சாதித்துக்கொள்ள ஒரு சாட்சியைத் தயாரிக்கிறான், அவ்வளவுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “சளி கொடுத்தா அந்த நோட்டுல என் பேரை நானே எழுதணும் சார். என் மாமியாருக்குத் தெரியணும், பிள்ளைக்கு மூணு வயசு, அதையும் கூட்டியாந்து காட்டணும். முதல்ல ரத்தத்துல பாத்துருவோம். எங்க அம்மாவுக்கு எடுத்தீங்கள்ல, அதே டெஸ்ட்டு. நீங்க பாத்தப்ப அதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு; அதுக்கப்புறம் எங்கேயோ போயி ஒட்டிக்கிருச்சு.” நான் குழாயை வாங்கிக்கொண்டேன். என் கை பழக்கப்படி அதைத் தாங்கியில் செருகிவிட்டது. அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது.

இருபத்தாறு நிமிடம். சன்னலுக்கு வெளியே தாழ்வாரத்து விசிப்பலகையில் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள், குரல் கேட்கிறது. புறநோயாளிப் பகுதியிலிருந்து யாரோ ஒரு பெரியவரை அவளிடம் அனுப்பியிருக்கிறார்கள் போலும். “என்ன இது பெரியவரே?” “அதான் தாயி, நீ கேட்டது.” “நான் சளி கேட்டேன். நீங்க எச்சியைத் துப்பிக் கொண்டாந்துருக்கீங்க. நெஞ்சுக்குள்ளேயிருந்து வரணும். மூணு தடவை மூச்சை இழுத்துப் பிடிச்சு இருமுங்க. என்னை ஏமாத்திப்புடலாம், மைக்ரோஸ்கோப்பை ஏமாத்த முடியாது.” “உன்னையக் கட்டுனவன் பாவம் தாயி.” “அவருக்குத் தினமும் இந்தக் கப்புலதான் காப்பியே.” பெரியவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அந்த இருமலிலேயே காரியம் முடிந்துவிட்டது. “பாத்தீங்களா, இப்பத்தான் சரக்கு வருது! இருங்க, பேரு எழுதுறேன். மூடியில எழுதக் கூடாது, கப்பு உடம்புலதான் எழுதணும். மூடி மாறிப்போச்சுன்னா உங்க சளிக்கு அடுத்த ஊர்க்காரன் மாத்திரை திம்பான்.” எவ்வளவு அழகாகச் சொல்கிறாள். நூறு பேருக்கு, ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பாள். அடுத்தவர் பயத்தை விரட்டத் தெரிந்த கைக்குத் தன் பயத்தின் முதுகைத் தொட எட்டுவதில்லை. அவளைக் குறை சொல்ல நான் யார்? இதோ, பெரியவர் போனபிறகு அவள் இருமுகிறாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல். அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். இதே இருமல், தண்ணீர்க் குழாயின் சத்தத்துக்கு அடியில், கண்ணாடிக் குடுவைகள் ஒன்றோடொன்று உரசுகிற ஒலிக்கு நடுவில்.

ஒச்சம்மாள், தவச்செல்வியின் அம்மா. மதுரைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் நான் அப்போது வேலை பார்த்தேன்; இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே கண்ணாடிப் பொருள்களைக் கழுவுகிறவள் அவள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், தம்பி என்றுதான் கூப்பிடுவாள். “ஏந்தம்பி, இந்தச் சோதனைக் குழாயைக் கண்டுபிடிச்சவன் ஒரு நாளாச்சும் அதைக் கழுவியிருப்பானா?” என்பாள். காசத்தை இரத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்று எல்லாக் கூடங்களும் பலகை எழுதி வைத்திருந்த காலம் அது. பிற்காலத்தில் அந்தச் சோதனையை நம்பி நோயை முடிவு செய்யவே கூடாது என்று அரசு தடை போட்டது. தடை போடுமுன் எத்தனை பேர்? அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை; எனக்குத் தெரிந்தது ஒருத்திதான், ஒருத்தியே போதும். ஒச்சம்மாள் மெலிந்துகொண்டே வந்தாள். மாலையானால் உடம்பு சுடும். தெருமுனை மருத்துவர் சளிக்கான கப் ஒன்றைக் கொடுத்து, காலையில் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடு என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து என்னிடம் காட்டினாள். “இதைத் தூக்கிக்கிட்டுப் பஸ்ஸுல போகணுமாம் தம்பி. பக்கத்துல எவளாச்சும் உக்காருவாளா?” நான் என்ன சொன்னேன்? அன்று தட்டில் இரண்டு குழிகள் மிச்சமிருந்தன. “அதெல்லாம் எதுக்கு? கையை நீட்டு” என்றேன். இரக்கத்தோடு சொன்னேன். கடவுள் சாட்சியாக இரக்கத்தோடுதான் சொன்னேன். இரக்கம் என்று நாம் பெயர் வைத்து அழைப்பதில் பாதி, நம் கையிலிருக்கும் கருவியைப் பிறருக்குக் காட்டிப் பெருமைப்படும் ஆசை என்பதை அறிந்துகொள்ள எனக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது.

அவளுடைய இரண்டு குழிகளும் தண்ணீரைப்போல் தெளிந்திருந்தன. பூச்சியம் புள்ளி ஒன்று நான்கு. பக்கத்துக் குழிகள் எல்லாம் மஞ்சள். அவளுடையது மட்டும் விடியற்காலைக் குளம். நான் மகிழ்ந்துபோனேன். மருந்துப் பெட்டிக்குள் வந்த வெள்ளைத் தாளின் பின்புறத்தில் அந்த எண்ணை எழுதி, கீழே ‘நோய் இல்லை’ என்று எழுதி, கோடும் போட்டு, இன்னாசிமுத்து என்று கையெழுத்தும் போட்டேன். கையெழுத்தை ஏன் போட்டேன்? யார் கேட்டார்கள்? அவள் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் காலை, உலரவைக்கும் தாங்கியில், கவிழ்த்த குடுவைகளுக்கும் புனல்களுக்கும் நடுவில் அந்தச் சளிக் கப் கவிழ்ந்து கிடந்தது. சோப்புப் போட்டு, மூன்று தண்ணீரில் அலசி, கடைசியில் காய்ச்சி வடித்த நீரிலும் ஒரு முறை அலசி, எங்கள் கூடத்து முறைப்படி குறையில்லாமல் கழுவியிருந்தாள். “புதுசு தம்பி, வீணாப் போவானேன், எதுக்காச்சும் ஆகும்” என்றாள். நான் சிரித்துக்கொண்டே அதை எடுத்து என் மேசையில் வைத்து, ரப்பர் வளையங்களைப் போட்டுவைத்தேன். எட்டு மாதம் அதிலிருந்து ரப்பர் வளையம் எடுத்தேன். எட்டு மாதம் அவள் எனக்குப் பின்னால் நின்று இருமிக்கொண்டே குடுவை கழுவினாள். அக்கம்பக்கத்தார் பெரியாஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னபோதெல்லாம் என் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறாள். இரத்தம் துப்பியபிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். சளியில் கிருமி மொய்த்துக் கிடந்தது என்று சொன்னார்கள். இரண்டு நுரையீரலிலும் ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். மிச்சம். இந்தச் சொல் என்னை விடுவதில்லை.

பதினெட்டு நிமிடம். இழுப்பறையைத் திறந்து பார்க்கக் கூடாது. வெளிச்சம் பட்டால் நிறம் கெடும். கீழ் இழுப்பறையைத் திறக்கலாம். அதில் அந்தக் கப் இருக்கிறது. ஐந்து மேசை மாறியிருக்கிறேன், அதுவும் என்னோடு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ரப்பர் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருகிப் பழுப்புக் கட்டியாகிவிட்டன. எறியவும் முடியவில்லை, மேலே எடுத்து வைக்கவும் முடியவில்லை. திறக்கவில்லை. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமைதோறும் நான் கதை சொல்வேன். ஒரு கோட்டை இருந்தது என்று தொடங்குவேன். கோட்டைச் சுவரில் காவலர்கள் இருந்தார்கள். திருடன் வந்தால் சங்கு ஊதுவார்கள். அரசன் சோம்பேறி, திருடர்களைத் தேடாமல் சங்கொலிகளை எண்ணிவந்தான். ஒருமுறை திருடர்களைப் பிடித்து விரட்டியபிறகும் காவலர்கள் பழைய அச்சத்தில் மாதக்கணக்கில் ஊதிக்கொண்டிருந்தார்கள். அரசன் ஊரையே சல்லடையாகச் சலித்து, ஒன்றுமறியாதவர்களைச் சிறையில் போட்டான். ஆகையால் பிள்ளைகளே, எதிர்ப்பொருள் என்பது சங்கொலி. அது திருடன் அன்று. குணமானவன் இரத்தத்திலும் அது நெடுநாள் ஒலிக்கும். சங்கை எண்ணித் திருடனைக் கண்டேன் என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் தலையாட்டுவார்கள்; ஒருத்தி குறிப்பேட்டில் எழுதிக்கொள்வாள். கதைக்கு மறுபாதி உண்டு. அதை எந்தத் திங்கட்கிழமையும் நான் சொன்னதில்லை. ஓர் ஆண்டு கோட்டையில் சங்கொலியே இல்லை. அரசன் நிம்மதியாக உறங்கினான். சுவர்மேல் காவலர்கள் பட்டினியால் சோர்ந்து, சங்கைத் தூக்கவும் வலுவின்றி விழுந்து கிடந்தார்கள். திருடர்கள் வாசல் வழியாகவே போய்வந்தார்கள். உடம்பு முற்றும் சோர்ந்தபின் சாட்சி சொல்ல அதற்கு நாவிருக்காது. தெளிந்த குழி என்பது சில வேளைகளில் அதுதான். ஒச்சம்மாளின் மௌனத்தை நலம் என்று வாசித்தவன் நான். இந்தப் பாதியைச் சொன்னால் ‘யார் அந்த அரசன் சார்’ என்று எந்தப் பிள்ளையாவது கேட்டுவிடுமோ என்று பயந்தே பாதிக் கதையில் நீதியை முடித்துக்கொண்டேன். பாதிக் கதை சொல்லி முழு மனிதனாகத் தோற்றம் காட்டியவன்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் அந்த வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. அம்மன் படத்துக்கு எதிரே ஒன்பது வயதுப் பெண்ணாகத் தவச்செல்வி நின்றாள். படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை உருவி எடுத்து என்னிடம் நீட்டினாள். மஞ்சளும் குங்குமமும் பட்டிருந்தது. மடிப்புகள் தேய்ந்து நாலு துண்டாகப் பிரியும் நிலையில் இருந்தது. “நீங்க எழுதிக் கொடுத்த சீட்டு. யாரு கேட்டாலும் அம்மா இதைத்தான் காட்டும்.” பிறகு அவளே என்னைத் தேற்றினாள்: “நீங்க பாக்குறப்ப இல்லைல? பெறகுதான வந்துச்சு?” இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்பும் அந்தக் கேள்விக்குறி என் நெஞ்சில் கொக்கியாக மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் தலையில் கையை வைத்தேன். ஊமைக் கையால் சொல்லப்பட்ட பொய் அது. அவள் படிப்புக்கு உதவினேன். இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். தீபாவளிக்கு அவள் எனக்குச் சட்டைத் துணி எடுத்து வருவாள். சட்டையை உடுத்திக்கொண்டு மாதா கோயிலுக்குப் போவேன். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் மூன்று முறை இதைச் சொல்லியிருக்கிறேன். மூன்று முறையும் மன்னிப்புக் கிடைத்தது. யாரிடம் சொன்னால் நான் எதையும் இழக்க மாட்டேனோ அவரிடம் சொல்லிவிட்டு, யாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேனோ அவள் கொடுத்த சட்டையை உடுத்திக்கொண்டு திரும்பி வந்தேன். மனமே, மன்னிப்பைத் தவறான வாசலில் போய் வாங்காதே. உன்னால் யாருடைய கூரை எரிந்ததோ அவருடைய வாசலில் போய் நில். அவர் மன்னிக்காமல் போகலாம், கதவைச் சாத்தலாம், அதற்கும் நின்றுதான் ஆக வேண்டும்.

பதினோரு நிமிடம். மறுபடி இருமுகிறாள். இந்த முறை நெடுநேரம். என் காது அந்த இருமலை அளக்கிறது. அளப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத காது. இப்போது என்ன நடக்கும்? மணி அடிக்கும். அமிலத்தை விடுவேன். அவளுடைய குழிகள் மஞ்சளாக இருந்தால் பயந்துபோய்ச் சளி கொடு என்பேன், அது எளிது. தெளிவாக இருந்தால்? தெளிவாக இருந்தால், சன்னல் வழியாக அவள் என் முகத்தைப் பார்ப்பாள்; நான் ஒன்றும் சொல்லாவிட்டாலும் என் முகம் சொல்லிவிடும்; எழுந்து, “அப்பாடா, பிழைச்சேன் சார்” என்று புடவையைத் தட்டிக்கொண்டு போய்விடுவாள். எட்டு மாதம் கழித்து அந்த மூன்று வயதுப் பிள்ளை எந்தப் படத்துக்குப் பின்னாலிருந்து எந்தத் தாளை உருவும்? எண் தெரிந்தபிறகும் சொல்லலாமே, இது நம்பத் தக்கதன்று என்று விளக்கலாமே என்கிறது ஒரு மனம். உன்னை எனக்குத் தெரியும், இன்னாசிமுத்து. எண் தெரிந்தபிறகு நீ பேச மாட்டாய், எண்தான் பேசும். நீ அதற்குப் பக்கத்தில் நின்று தலையாட்டுவாய். பேச வேண்டியதை எண் வருமுன் பேச வேண்டும். இந்தத் தட்டு? நேரம் தவறினால் நிறம் அளவுக்கு மீறி ஏறிவிடும், தட்டு பாழ். நாற்பத்திரண்டு பேரின் ஊநீரும் உறைபெட்டியில் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு தட்டுப் போடலாம், திட்டு வாங்கலாம், ஒரு நாள் உழைப்பை இழக்கலாம். எவை எவற்றை மறுபடி செய்ய முடியுமோ அவற்றுக்காகவே ஓயாமல் பதறிவந்தேன்; மறுபடி செய்ய முடியாத ஒன்றின் முன்னால் மட்டும் நிதானமாக ரப்பர் வளையம் எடுத்துக்கொண்டிருந்தேன். எழுந்திரு. இந்த நாற்காலியிலிருந்து வாசலுக்கு ஏழு அடி. எழுந்திரு என்று பிறருக்கு எத்தனை திங்கட்கிழமை சொல்லியிருக்கிறாய்.

அலமாரியிலிருந்து புதுக் கப் ஒன்றை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். “முடிஞ்சுருச்சா சார்?”

“இல்லம்மா. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“என்ன சார், கப்போட வந்துருக்கீங்க? காப்பி வாங்கியாரவா?” என்று சிரிக்கத் தொடங்கியவள் என் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டாள்.

விசிப்பலகையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டிச் சொல்ல இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை. கோட்டையும் வரவில்லை, அரசனும் வரவில்லை. “உங்க அம்மாவுக்கும் டாக்டர் இப்படி ஒரு கப்புக் கொடுத்தாரு. வேண்டாம்னு சொன்னது நான். ரத்தத்துல பாத்து ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கொடுத்தேன். அந்தக் குழி தண்ணி மாதிரித் தெளிவா இருந்துச்சு. அது பெறகு வந்ததில்லம்மா.”

சுவரோரம் எறும்புச் சாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது, அவள் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்.

“நீங்க பாத்தப்பவே இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அம்மா செத்த அன்னைக்கே தெரியும்.”

அவள் உதடு அசைந்தது. என்ன சொல்லப்போகிறாளோ அதைக் கேட்க நான் உட்கார்ந்திருந்தேன், முதன்முறையாக, ஓடாமல். ஆனால் இருமல்தான் வந்தது. முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது இருமலின் நீரா, வேறா என்று அளக்க என்னிடம் கருவி இல்லை, நல்லவேளை.

உள்ளே மணி அடிக்கத் தொடங்கியது. இருட்டில், கறுப்புத் துணிக்கு அடியில், தொண்ணூற்றாறு குழிகளும் என்னைக் கூப்பிட்டன.

“மணி அடிக்குது,” என்றாள். சார் என்ற சொல் அதில் இல்லை.

“அடிக்கட்டும்.”

அவள் கையை நீட்டி அந்தக் கப்பை வாங்கினாள். மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மூடியைத் தொடவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கப்பின் உடம்பில், எழுத்து எழுத்தாக, தன் பெயரைத் தானே எழுதினாள்.